வியாழனுக்கு ஒரு ஜன்னல் சீட்

நான் செய்த விளையாட்டில் ஒரு பெரிய மஞ்சள் வட்டம், ஆறு சின்ன வட்டங்கள், ஒரு ராக்கெட், இரண்டு அம்புக்குறிகள். அவ்வளவுதான். ராக்கெட்டை நானே வரைந்தேன். முனை கொஞ்சம் கோணிக்கொண்டதால் வெண்டைக்காய் மாதிரி வந்துவிட்டது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, நறுக்கினால் ஒரு பொரியலுக்கு ஆகும் என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எதற்கும் சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

காரணம், அது பொழுதுபோக்குக்காகச் செய்தது இல்லை. என் மகளுக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுத்தர வேண்டும் என்று செய்தது. முதலில் ஒன்று, அதற்குப் பிறகு இன்னொன்று, அதற்கும் பிறகு வேறொன்று. இந்த வரிசை அவளுக்குப் பிடிபடவில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளி, செம்பூரில் எங்கள் கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஓப்பன் ஹவுஸ் என்று சொல்கிற பெற்றோர் சந்திப்பு நாளில், வகுப்பாசிரியை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, குழந்தை கெட்டிக்காரிதான், ஆனால் என்று ஆரம்பித்தார். அந்த ‘ஆனால்’ வருவதற்காகவே காலையிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. விதை, முளை, செடி, பூ என்று நான்கு படங்களை வரிசையாக ஒட்டச் சொன்னால் இவள் பூவை முதலில் ஒட்டியிருக்கிறாள். எண்களை ஒன்றிலிருந்து கோடு போட்டு இணைக்கச் சொன்னால் நடுவிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கை கழுவச் சொன்னால், திறந்து வைத்துவிட்டுக் கழுவப் போகிறாள்.

ஆசிரியை கடுமையாக ஒன்றும் பேசவில்லை. ஜனவரியில் அடுத்த சந்திப்பு இருக்கிறது, அதுவரை பார்க்கலாம் என்றார். அப்போதும் மாற்றம் தெரியாவிட்டால், மதியத்தில் சில குழந்தைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற சின்ன வகுப்புக்கு மாற்றலாம், பள்ளிக்கு வருகிற ஆலோசகரும் ஒருமுறை பார்க்கட்டும். நான் தலையாட்டினேன். தேங்க்யூ என்றேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இன்னொரு முறை தேங்க்யூ சொன்னேன்.

வீட்டுக்கு நடக்கும்போதே கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் அவள் காதில் போட்டது தப்போ. சாப்பிட வைக்க மொபைலைக் கையில் கொடுத்தது தப்போ. அவள் வயிற்றில் இருந்தபோது கடைசி மாதம்வரை ஆபீஸ் போனது தப்போ. மாலையில் என் கணவரிடம் சொன்னபோது, தானும் சின்ன வயதில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவன்தான் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று இன்னொரு கவலைதான் சேர்ந்தது.

ராக்கெட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அது அவளுடைய ஆசை. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய்கள் தெரியும். அதில் ஒன்றின் நுனியில் எப்போதும் நெருப்பு எரியும். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்கு அது ராக்கெட். மேலே நெருப்பு இருக்கிறது, அதனால் தலைகீழாக நிற்கிற ராக்கெட். எப்போது கிளம்பும் என்று கேட்பாள். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பும் என்று சொல்லியே பல கவளங்களை ஊட்டியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் எனக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலும், பிறகு அவள் பிறக்கிறவரையும், ஒரு அலுவலகத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு வரும் என்று தேடுகிற வேலை. எந்தப் பொத்தானை அழுத்தக்கூடாதோ அதை அழுத்திப் பார்ப்பது, பெயர் கேட்கிற இடத்தில் எண்களைப் போடுவது. என் சுபாவத்துக்குப் பொருத்தமான வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படலாம். ஆனால் நானே ஒன்றை முதலிலிருந்து செய்தது கிடையாது. குழந்தைகளுக்கென்றே இலவசமாகக் கிடைக்கிற ஒரு புரோகிராம் உண்டு, வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல ஆணைகளை அடுக்கினால் போதும். ‘அம்பை அழுத்தினால் நகரு’ என்று ஒரு கட்டை, ‘தொட்டால் பேசு’ என்று ஒரு கட்டை. அதில்தான் செய்தேன். அவள் பள்ளிக்குப் போயிருக்கிற மதியங்களில், துணி மடிப்பதைத் தள்ளிப் போட்டுவிட்டு உட்காருவேன்.

விளையாட்டு இதுதான். திரையின் இடது ஓரத்தில் சூரியன். அங்கிருந்து வலப்பக்கமாகப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி என்று வரிசை. ராக்கெட் பூமியில் நிற்கும். ‘வியாழனுக்குப் போகலாம், வா’ என்று என் குரல் கூப்பிடும். வலது அம்பை அழுத்தினால் செவ்வாய். அங்கே அதைப் பற்றி ஒரு வாக்கியம், பெட்ரோல் நிரம்பும். இன்னொருமுறை வலது அம்பு, வியாழன். வியாழனைச் சேர்வதுதான் வெற்றி, அதற்குமேல் சனி வரைக்கும் சும்மா சுற்றலாம். வியாழனைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அதன் மேல் இருக்கிற சிவப்புப் புயலைப் படத்தில் பார்த்துவிட்டு, பொட்டு வைத்திருக்கிறது என்றாள். இடது அம்பை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், பெட்ரோல் குறையும், ராக்கெட் பூமிக்கே வந்து நிற்கும்.

குரலைப் பதிவு செய்ய மின்விசிறியை நிறுத்திவிட்டு, அலமாரியைத் திறந்து துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. கட்டடத்துப் பிள்ளைகளோடு இந்தி, பள்ளியில் ஆங்கிலம். காதாலாவது தமிழ் கேட்கட்டும் என்று எல்லா வாக்கியங்களையும் தமிழில் வைத்தேன். சனிக்கிரகத்தின் வளையங்களைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிட்டது. திரும்பப் பதிவு செய்தேன். பிறகு அவளுக்கு இரண்டையும் போட்டுக் காட்டியபோது, விசில் இருக்கிறதுதான் சனியின் சத்தம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அதையே வைத்தேன்.

முதல் நாள் அவள் என் மடியில் உட்கார்ந்து விளையாடினாள். குரல் கூப்பிட்டது. அவள் இடது அம்பை அழுத்தினாள். ராக்கெட் வெள்ளிப் பக்கம் போனது, சிவப்பு விளக்கு, பூமி. மறுபடி இடது அம்பு. சிவப்பு விளக்கு. அழவும் இல்லை, எரிச்சல் படவும் இல்லை. சிக்னலில் நிற்கிற பஸ் டிரைவர் போல, சிவப்பு அணைகிறவரை பொறுமையாக இருந்துவிட்டு மறுபடி இடப்பக்கம் அழுத்தினாள்.

அவள் விரலைப் பிடித்து வலது அம்பில் வைத்தேன். வியாழன் வந்தது. கைதட்டினேன். அவளும் தட்டினாள். அடுத்த ஆட்டத்தில் மறுபடி இடப்பக்கம்.

மறுநாள் வலது அம்பைப் பெரிதாக்கினேன். அதற்கடுத்த நாள் பச்சை வண்ணம் அடித்தேன். பிறகு மினுக்க வைத்தேன். அம்மன் கோயில் அலங்கார விளக்கு மாதிரி அது மினுக்கிக்கொண்டிருக்க, இவள் மூலையில் சும்மா கிடந்த சின்ன அம்பை அழுத்தினாள். என் பழைய வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே ஆள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினால், ஒன்று ஆளிடம் கோளாறு, இல்லை புரோகிராமில் கோளாறு. புரோகிராமை நான் பலமுறை சரிபார்த்திருந்தேன். மிச்சம் இருப்பது எது என்று நினைக்காமல் இருக்க, மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.

ஏன் தப்பாகப் போகிறாய் என்று அவளிடம் கேட்கத்தான் செய்தேன். தப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டு என் வளையலைச் சுற்ற ஆரம்பித்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கடைசியில் இடது அம்பையே எடுத்துவிட்டேன். இனி தவற வழியே இல்லை. அவள் ஒருமுறை விளையாடினாள், வியாழன் வந்தது, என் குரல் பாராட்டியது. அவள் மடியிலிருந்து இறங்கி, “இந்த ராக்கெட் பேக்கார்” என்று சொல்லிவிட்டுப் பொம்மைகளிடம் போய்விட்டாள். உதவாதது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சொல் அந்த இந்திச் சொல்தான். நான் மடிக்கணினியை மூடிவிட்டு, மடிக்காமல் வைத்திருந்த துணிகளை மடித்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அம்பர்நாத் போனோம். என் கணவரின் அக்கா அங்கே இருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. என் மகளுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அத்தை வீடு. என் கணவருக்கு அன்று கடையில் வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

செம்பூரிலிருந்து அம்பர்நாத்துக்கு நேர் வழி என்றால், குர்லாவில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் குர்லாவுக்கு வருகிற ரயில் முன்பே நிரம்பி வழிந்துகொண்டு வரும். குழந்தையோடு ஏறுவது பெரும்பாடு, ஏறினாலும் அம்பர்நாத் வரை நிற்க வேண்டும். அதனால் இந்த ஊரில் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்வோம். அம்பர்நாத் வடக்கே இருக்கிறது என்றால், முதலில் தெற்கே போவது. குர்லாவில் இறங்காமல் கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் போய், அங்கே கிளம்பக் காத்திருக்கிற காலி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவது. அது திரும்பி வந்து அதே குர்லாவைத் தாண்டி அம்பர்நாத் போகும்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். மாட்டுங்கா, பாதையின் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். நடுவில் ஏறி, நின்றுகொண்டு போய், நின்றுகொண்டு வந்தே பழகியவள். இப்படிப் பின்னால் போய் முன்னால் வருவதைக் கல்யாணத்துக்குப் பிறகு தாராவிக்காரர்களான என் கணவர் வீட்டாரிடம்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் எனக்கு அதில் ஏதோ வரிசையை மீறுகிற உறுத்தல் உண்டு. அதனால் வி.டி.க்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து அம்பர்நாத்துக்கு இன்னொரு டிக்கெட் என்று ஒழுங்காக எடுப்பேன். தலைகீழாகப் போவதற்கும் டிக்கெட் எடுக்கிற ஒரே பொம்பளை நீதான் என்று என் நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அன்றும் அப்படித்தான். மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். தாதர் வந்ததும் கூட்டம் ஏறியது. குர்லாவில் நெருக்கியது. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். காற்று வந்துகொண்டிருந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன். உட்கார இடம் கிடைத்த ரயிலில் எனக்குக் கவலைகள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும்.

அவள் போனைக் கேட்டாள். போனில் என் விளையாட்டின் பழைய பதிப்பு இருந்தது, இடது அம்பு எடுக்கப்படாதது. அவள் அதைத் திறந்து, வழக்கம் போல இடப்பக்கம் அழுத்தினாள். சிவப்பு விளக்கு. காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். வேறு எதையும் நினைக்காமல், ரயிலில் பக்கத்து சீட்காரரிடம் கேட்பது போல, எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

“வெள்ளிக்கு.”

“வியாழனுக்குப் போகணும்னு விளையாட்டுல சொன்னாங்களே?”

“வியாழனுக்குத்தாம்மா போறேன். முதல்ல பின்னாடி போய் உட்கார்ந்துக்கணும். அப்புறம் அதே ராக்கெட் திரும்பி வரும்ல.”

நான் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, கொஞ்சம் அலுப்போடு விளக்கினாள்.

“பூமியில ஏறினா கூட்டமா இருக்கும். எல்லாரும் அங்கதானே இருக்காங்க.”

நான் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டில் கண்மூடி உட்கார்ந்திருந்த பெண் விழித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார். சொல்ல முயன்று, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது முழுவதும் சிரிப்பினால் வந்த கண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். மழைக்காலம் முழுவதும் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதை யாரோ எடுத்துக் கொடியில் போட்ட மாதிரி இருந்தது. மகள் கண்டுகொள்ளாமல் நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ வெள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அம்பர்நாத் போய்ச் சேர்ந்ததும் நாத்தனாரிடம் சொன்னேன். அவர் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“பின்ன, நடுவுல ஏறி நசுங்கச் சொல்லுதியா? எம் மருமவளுக்கு இருக்குற வெவரம் ஒனக்கு இல்லியே. இவ்வளவு படிச்சிட்டு, உக்கார வழியில்லாம ஒரு ராக்கெட் செஞ்சிருக்கியே.”

திரும்பி வந்ததும் இடது அம்பைத் திரும்ப வைத்தேன். அதற்குள் எனக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. மகள் சொல்கிறாள் என்பதற்காக வானத்தில் இல்லாத வழியை வைக்கலாமா. குழந்தை நாளைக்கு அதையே உண்மை என்று நம்பினால். வியாழனுக்கு உண்மையில் எப்படித்தான் போகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று தேடினேன்.

படித்ததை முதலில் நம்பவில்லை. வேறு இரண்டு இடங்களில் சரிபார்த்தேன். வியாழனுக்கு அனுப்பிய ஒரு விண்கலம் நேராகப் போகவேயில்லை. முதலில் சூரியன் பக்கமாக, வெள்ளியை நோக்கிப் போயிருக்கிறது. ஒரு கிரகம் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் அருகில் சரியான கோணத்தில் போய் வளைந்து வந்தால், அந்த ஓட்டத்தின் வேகத்தில் கொஞ்சம் விண்கலத்துக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். நேராகப் போக வேண்டிய அளவுக்கு எரிபொருளைச் சுமந்துகொண்டு போக முடியாது, அதனால் பின்னால் போய், வேகத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி பூமியைத் தாண்டி வியாழனுக்குப் போகிறது. மறுபடி பூமியைத் தாண்டி என்ற இடத்தில் நான் நிறுத்தி, திரும்பவும் படித்தேன். எனக்குக் குர்லா ஸ்டேஷன் கண்ணில் வந்தது.

என் மகளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது சீட் பிடிப்பது மட்டும்தான். ஆனால் என் விளையாட்டில் தப்பு இருந்தது. கிரகங்களை நான் தண்டவாளத்தில் வரிசையாக நிற்கும் ஸ்டேஷன்கள் போல வைத்திருந்தேன். அவை ஒவ்வொன்றும் சுற்றிக்கொண்டே இருப்பவை. நேராக வலப்பக்கம் போவது மட்டும்தான் சரி என்று சிவப்பு விளக்கு போட்டதும் நான்தான்.

அடுத்த பல மதியங்கள் அதை மாற்றுவதில் போயின. கிரகங்களைச் சூரியனைச் சுற்ற வைத்தேன். கட்டைகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் தேவைப்பட்டன. ஒருநாள் பூமி மட்டும் கழன்றுகொண்டு திரைக்கு வெளியே போய்விட்டது. அவள் பள்ளியிலிருந்து வந்து பார்த்து, பூமி எங்கே என்று கேட்டதற்கு, நாளைக்கு வரும் என்றேன். வெள்ளியை ஒட்டிப் போனால் வேகம் கூடும், சிவப்பு விளக்குக்குப் பதில் என் குரல் அது எப்படி என்று ஒரு வாக்கியத்தில் சொல்லும். நேர் வழியில் போனாலும் தவறு இல்லை, பெட்ரோல் மட்டும் பாதியில் தீர்ந்துபோகும், ஒரு சின்ன வண்டி வந்து இழுத்துக்கொண்டு போகும்.

அவளும் ஒரு நிபந்தனை வைத்தாள். இரண்டாவது முறை பூமியைத் தாண்டும்போது அங்கே நிறையப் பேர் நிற்க வேண்டும், ராக்கெட் நிற்கக்கூடாது, அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத ஃபாஸ்ட். உள்ளே இருப்பவர்கள் கையாட்டலாம். வரைந்து கொடுத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் கையில் டிக்கெட்டோடு நிற்கிறாள். அது நீதானே என்று என் கணவர் கேட்டார். இந்த முறை சிரித்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் மற்றவற்றையும் அவளிடம் கேட்டேன். தப்பு என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேட்டேன். பூவை முதலில் ஒட்டியது ஏன் என்றதும் சட்டென்று பதில் வந்தது. போன வருஷம் தசராவுக்குக் கதவில் கட்டிய செண்டுமல்லித் தோரணம் காய்ந்ததும், நாங்கள் அதை உதிர்த்துப் பால்கனித் தொட்டியில் போட்டோம். அதிலிருந்துதான் செடி வந்தது. அவளைப் பொறுத்தவரை முதலில் பூ, பிறகுதான் விதை. எண்களை நடுவிலிருந்து இணைத்தது ஏன் என்றால், தெரியாது என்றாள். டிபன் டப்பாவைத் திறந்துவிட்டுக் கை கழுவப் போனது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. இன்றைக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டபிறகுதான் அவளுக்கு சாக்ஸ் ஞாபகம் வருகிறது.

ஜனவரியில் சந்திப்பு வந்தது. என்ன பேசுவது என்று இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஆசிரியை ஏதோ சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, ஆலோசகர் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, தேவை என்றால் சின்ன வகுப்பும் சரி, அதற்கு முன் இதை ஒருமுறை விளையாடிப் பாருங்கள் என்று போனை நீட்டினேன். அவர் எல்லாப் பெரியவர்களையும் போல வலது அம்பை அழுத்தினார். பெட்ரோல் தீர்ந்து நின்றார். சின்ன வண்டி வந்து இழுத்துப் போனது.

என் மகள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல், பின்னால் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் டீச்சர் என்று இந்தியில் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். அம்பர்நாத், வி.டி., குர்லா, பூமியில் கூட்டம் எல்லாம் வந்தது.

ஆசிரியை போனை மேஜையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, தான் உல்லாஸ்நகரிலிருந்து வருவதாகச் சொன்னார். உல்லாஸ்நகர், அம்பர்நாத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால். தினமும் பள்ளி முடிந்து குர்லா போய், அங்கிருந்து எதிர்ப்பக்கமாகத் தாதர் போய், அங்கே புறப்படுகிற ரயிலில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாராம். பல வருஷங்களாக. “நானே தினமும் இதைத்தான் செய்கிறேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் மகளிடம் குனிந்து, சீட் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, ஜன்னல் சீட் என்றாள் இவள், உல்லாஸ்நகர்காரருக்கு மட்டுமே புரிகிற பெருமையோடு.

செண்டுமல்லியைப் பற்றியும் சொன்னேன். அதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றார் அவர். நானும் கேட்கவில்லை என்றேன். ஆலோசகர் விஷயத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம், வகுப்பிலும் மற்றவர்களோடேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் தயங்காமல் சொல்கிறேன் என்றார். தயங்காமல் சொல்லுங்கள் என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஆலோசகர் என்ற சொல் இப்போது எனக்கு அவ்வளவு பயமாக இல்லை.

விளையாட்டை அவர் வகுப்புக்குக் கேட்டார். அனுப்பினேன். அனுப்பிவிட்டு, குக்கர் விசிலை எடுத்திருக்கலாமோ, தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு என் குரல் எப்படிப் புரியும் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் அவளைக் கூட்டிவரப் போனபோது, வகுப்புச் சுவரில் இருந்த பெரிய திரையில் என் வெண்டைக்காய் ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை என்னைப் பார்த்து, வாசலில் கொஞ்சம் இருங்கள் என்று கையால் காட்டினார். என் மகளை முன்னால் கூப்பிட்டு, வியாழனுக்கு எப்படிப் போவது என்று எல்லோருக்கும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரைக்கு முன்னால் நின்றாள். ஒரு கால் சாக்ஸ் இறங்கியிருந்தது. முதலில் எல்லோரும் பின்னால் வெள்ளிக்குப் போக வேண்டும் என்றாள். பிறகு அங்கே நிற்காமல் வளைந்து, வேகம் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு பூமி வரும், யாரும் இறங்கக்கூடாது, கையாட்டலாம். அப்புறம் செவ்வாய், அது சிவப்பு. அதற்கும் அப்புறம் வியாழன். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

வியாழனில் இறங்கி என்ன செய்வது என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். அவள் இதையுமா கேட்பாய் என்பது போல அவனைப் பார்த்தாள்.

“அத்தை வீட்ல சாப்பிடுவோம்” என்றாள், தமிழில். யாருக்கும் புரியவில்லை. ஆசிரியை என் பக்கம் திரும்பினார். நான் வாசலில் நின்றபடியே மொழிபெயர்த்தேன்.